மீதித் தண்ணீர்

இந்த வார்டில் என்னைப் பட்டாசு சிஸ்டர் என்பார்கள். தீக்காய வார்டில் வேலை பார்ப்பவளுக்கு இப்படியொரு பட்டப்பெயர் வைக்க எவனுக்கு மனசு வந்ததோ! ஆனால் நான் கத்துவது உண்மைதான். கத்தாவிட்டால் இங்கே ஒரு வேலையும் நடக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கிறிஸ்தவ சபையிலிருந்து நாலைந்து பேர் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். வாரத்துக்கு ஒரு பிரசங்கம்தான் தயார் செய்வார்கள். அதையே எல்லா வார்டிலும் பேசிவிட்டுப் போவார்கள். எலும்பு முறிந்தவனுக்கும் அதுதான், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். எங்கள் வார்டில் கிருமி பயம், வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. அதனால் வாசலிலேயே நின்று, கடைசிக் கட்டில் வரை கேட்கட்டும் என்று உரக்கப் பேசுவார்கள்.

அந்த வாரம் பேசியது பூப்போட்ட குடை வைத்திருந்த ஒரு அம்மா. விஷயம், நரகத்தின் அணையாத நெருப்பு. நம்பாமல் செத்தவர்கள் அதில் வெந்துகொண்டே இருப்பார்களாம். நாக்கை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டாலும் கிடைக்காதாம்.

நான் மருந்து அறையிலிருந்து ஓடி வருவதற்குள் ஆமென் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வெந்து கிடப்பவர்கள் முன்னால் வந்து நெருப்பைப் பற்றிப் பேச்சு! எனக்கு ரத்தம் கொதித்தது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரி கிடந்தாள். வீடு பற்றி எரிந்தபோது புருஷன் அவளை வெளியே தள்ளிவிட்டான். அவன் வெளியே வருவதற்குள் கூரை விழுந்துவிட்டது. அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். தீக்காயக்காரர்களுக்குத் தண்ணீர்தான் உயிர். அவளுக்கோ குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. மூக்கில் குழாய் போட்டால் தலையை ஆட்டி ஆட்டியே கழற்றினாள். கெஞ்சினேன், அதட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில்தான் வாயைத் திறந்தாள், அதுவும் பேசுவதற்கு.

"அவரு சாமியே இல்லன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச மனுசன், சிஸ்டர். இங்க ஒரு தடவ வெந்தாச்சு. அங்கயும் வேகறாரா? அவருக்கு இல்லாத தண்ணி எனக்கு எதுக்கு?"

டியூட்டி முடிந்ததும் நேராகச் சபைக்குப் போய் அந்த அம்மாவைப் பிடித்தேன்.

"நீங்க போட்ட முடிச்சு. நீங்களே வந்து அவுத்து விடுங்க," என்றேன்.

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துப்போனது. குடையைக்கூட எடுக்காமல் என்னோடு கிளம்பிவிட்டார்.

அங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே கூட்டிப்போனேன். அதுவரை அவர் வாசலைத் தாண்டியதில்லை. கட்டிலை நெருங்கியதும் கால் நின்றுவிட்டது. இதுவரை பார்க்காததைப் பார்த்துவிட்டார் அல்லவா?

"வாந்தி வந்தா வெளிய போயிருங்க," என்றேன்.

அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் பேசினது நான்தாம்மா."

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா. அவரு அங்கயும் வேகறாரா?"

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்று பொய் சொல்லுவார், இல்லாவிட்டால் மறுபடி எதையாவது கொளுத்திப் போடுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். முகமூடி நனைந்துகொண்டிருந்தது. "மனப்பாடம் பண்ணினத வாசல்ல நின்னு ஒப்பிச்சேன். உன் மூஞ்சியப் பாத்திருந்தா எனக்குப் பேச வாய் வந்திருக்காது. நான் கும்பிடுறவரும் உடம்பெல்லாம் காயத்தோட சிலுவையில தொங்கி, தாகமா இருக்குன்னு சொல்லித்தான் செத்தாரு. தாகம்னா என்னன்னு அவருக்குத் தெரியும். உன்னக் காப்பாத்திட்டுச் செத்த மனுசனுக்கு அவரு தண்ணி குடுக்கமாட்டாருன்னு இனிமே என் வாயால சொல்லமாட்டேன். உன் வீட்டுக்காரருக்காக நான் அவருகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். நீ குடிம்மா."

தையல்காரி முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அந்த அம்மா ஸ்பூனால் ஊட்டினார். பழக்கமில்லாததில் பாதி கழுத்தில் வழிந்தது.

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். ஒட்டிப்போன கட்டுத்துணியைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, தோல் பிய்யாமல் எடுப்பதற்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. வலி தாங்காத நேரத்தில் தையல்காரியே, "தாகம்னு சொன்னாரே, அவரப் பத்திச் சொல்லுங்கக்கா," என்பாள். மெல்லிய குரலில், அந்த ஒரு கட்டிலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுவார். "என்ன, இன்னைக்கு எந்த அத்தியாயம்?" என்று நான் சீண்டுவேன்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் காயங்களில் சீழ் வைத்துவிட்டது. தண்ணீர் குடிக்காமல் கிடந்ததுதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்த அம்மா அதையே என்னிடம் கேட்டார். நானும் சொல்ல முடியாது என்றேன். அன்றைக்கு அவர் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடாமல் வீட்டுக்குப் போனார்.

கடைசி நாள் காலையில் தையல்காரி பாதி டம்ளர் குடித்தாள். அதற்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும்க்கா. மீதி எங்க வீட்டுக்காரருக்கு."

மத்தியானம் போய்ச் சேர்ந்தாள்.

கட்டிலைத் துடைத்து அடுத்த ஆளுக்குத் தயார் செய்ய வேண்டும். மிச்சம் மீதியைத் தொட்டியில் கொட்டுவதுதான் வார்டு வழக்கம். எத்தனையோ டம்ளரைக் கவிழ்த்திருக்கிறேன். எனக்குச் சாமி நம்பிக்கையெல்லாம் கிடையாது. இங்கே வேலை பார்த்தால் அது மிஞ்சாது. ஆனாலும் அந்த டம்ளரைக் கவிழ்க்கக் கை வரவில்லை.

கட்டிலருகே நின்ற அந்த அம்மாவின் கையில் அதைத் திணித்தேன்.

"கேட்டுக்கிட்டே இருக்கேன்னு சொன்னீங்கல்ல? அவனுக்கு இதக் குடுக்கச் சொல்லுங்க உங்க ஆள!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.