இடது பக்கம் படுப்பவர்கள்

பேருந்து ஓட்டுநருடைய மகளின் கெட்ட கனவு, அவளுக்கு இடது பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வரும். வலது பக்கம் படுத்தால் ஒன்றும் ஆகாது, போர்வை மட்டும் பறிபோகும்.

இது தெரிய வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் தூக்கம் என்பது பிறர் சொல்லிக் கேட்கும் விஷயமாக இருந்தது. நாலு வயதுக் குழந்தை நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடியே, தாயையும் தகப்பனையும் அடையாளம் தெரியாமல் அலறும். வியர்த்துக் கொட்டும். தூக்கினால் உதைக்கும். காலையில் அதற்கு எதுவும் நினைவிருக்காது, சிரித்துக்கொண்டே பிஸ்கட் கேட்கும். மருத்துவர், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். விலைவாசியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சொல்லக்கூடிய பதில்தான். பிறகு ஒருநாள் ஓட்டுநர் அலுப்பில் மகளின் இடது பக்கம் சாய்ந்து கண் அயர்ந்தார். அன்று அலறியது அவர். குழந்தை அசையவில்லை. மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"என்ன சார், வழக்கமா பாப்பாதானே கத்தும்? இன்னைக்கு நீங்களா?"

"இன்னைக்கு என் முறை சார்" என்றார் ஓட்டுநர். அப்போது அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அது உண்மையாகிவிட்டது.

கனவு யாருக்கு வந்தாலும் ஒன்றுதான். கதவே இல்லாத ஒரு நீளக் கட்டடம், ஈரத் தரை, அணையாத விளக்கு. அங்கே ஓர் ஆள் நிற்பான். அவனுக்கு முன்னாலும் முதுகு, பின்னாலும் முதுகு. அதனால் அவன் வருகிறானா போகிறானா என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இன்னும் பக்கத்தில் இருப்பான். "இண்டிகேட்டர் போடாம வர்றான்" என்று ஓட்டுநர் மனைவியிடம் புகார் சொன்னார். குழந்தை அவனை 'முதுகன்' என்று ஒருமுறை தூக்கத்தில் சொல்லியிருந்தது, அந்தப் பெயரே நிலைத்தது.

தாய் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். கை நடுங்கக்கூடாத வேலை. தகப்பன் கண் சொருகக்கூடாத வேலை. ஆகவே முறை வைத்துப் படுத்தார்கள், முறைக்காகச் சண்டையும் போட்டார்கள். நடுவில் தாயின் தம்பி வந்து, "நான் எதுக்கு மாமா இருக்கேன்? வேலைவெட்டி இல்லாதவனுக்கு இதாவது ஒரு வேலை" என்று மார்தட்டி இடது பக்கம் படுத்தான். விடிந்ததும் பையைத் தூக்கிவிட்டான். "அக்கா, பேசிப் பாத்தேன். திரும்புடான்னேன், திரும்பினான். அந்தப் பக்கமும் முதுகுக்கா!" அந்த வாரமே தொலைவான ஓர் ஊரில் அவனுக்கு வேலை கிடைத்தது. பட்டம் வாங்கித் தராததைப் பயம் வாங்கித் தந்தது.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஓட்டுநர் சிக்னலில் நின்றபடி தூங்கிப்போனார். பயணிகளில் பாதிப்பேரும் தூக்கத்தில் இருந்ததால் விஷயம் தாமதமாகத்தான் வெளியே வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வண்டியைத் தொட முடியாது என்றார் டெப்போ மேலாளர். அதே வாரம் ஒரு பெரியவரின் கையில் தாய் நரம்பைத் தேடித் தேடி ஊசியைக் குத்தியதில், அவர் அவளைப் பார்த்து, "நீ போய்ப் படும்மா, ரத்தம் எங்க போயிடப் போகுது" என்றார். அவள் அங்கேயே அழுதாள்.

அன்று அவள்தான் சொன்னாள். "ஒரே ஒரு நாள். அவ கனவை அவளே பாத்துக்கட்டும். காலைல மறந்துதான போகப்போறா?"

ஓட்டுநர் மறுக்கவில்லை. மகளைத் தனியாகக் கிடத்தி, கதவைச் சாத்தி, அடுத்த அறையில் போய்ப் படுத்தார்கள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. இருட்டில் இருவரும் எழுந்து கதவருகே முட்டிக்கொண்டார்கள்.

"நீங்க எங்க எழுந்தீங்க?"

"தண்ணி குடிக்க. நீ?"

"நானும் தண்ணிக்குத்தான்."

தண்ணீர்ப் பானை இருந்தது சமையலறையில். இருவரும் போனது மகளிடம். இடது பக்கம் இரண்டு பேர் படுத்தால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. இருவருக்கும் வந்தது, ஒரே கட்டடம். முதுகன் நின்றான். ஓட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும், ஆனால் இரண்டு வருடத் தூக்கம் பாக்கியிருந்தது, எழுந்து ஓட யாருக்கும் தெம்பில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்கள், பிறகு சரிந்தார்கள். முதுகன் ஒரு கை தூரத்தில் வந்து நின்றபோது தாய் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"வர்றதா இருந்தா வாங்க, போறதா இருந்தா போங்க. லைட்டை மட்டும் அணைச்சிடுங்க."

அவன் கொஞ்ச நேரம் யோசித்திருக்க வேண்டும். பிறகு விளக்கை அணைத்தான்.

அன்றிலிருந்து இருவரும் அங்கேதான் தூங்குகிறார்கள். தரை ஈரம் பழகிவிட்டது, கொசு கிடையாது. முதல் ஷிஃப்ட் உள்ள நாட்களில் முதுகனே தோளைத் தட்டி எழுப்பிவிடுகிறான். தாயின் ஊசி இப்போது ஒரே குத்தில் நரம்பைத் தொடுகிறது. மகளுக்குப் பத்து வயதாகிறது. பள்ளியில் எல்லோரும் தங்கள் கனவைச் சொல்ல, இவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

"கனவுன்னா எப்படிப்பா இருக்கும்?" என்று ஒரு காலையில் கேட்டாள்.

ஓட்டுநர் ஷூ கயிற்றைக் கட்டி முடித்தார். "பெரிசா ஒண்ணும் இல்லம்மா. நல்லாத் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போனார்.