தலைகீழாகக் காய்ந்த சட்டைகள்

மகளைத் தேடி வந்திருப்பதை அந்த ஊரில் ஒருவரிடமும் சொல்வதில்லை என்ற உறுதியோடுதான் நில அளவையர் ரயிலை விட்டு இறங்கினார். கழுத்தில் கேமரா தொங்கியது. யாராவது கேட்டால், ஊர் ஊராகப் போய்த் தெருவைப் படம் எடுப்பவர். ஓய்வுபெற்ற மனிதருக்கு அது கௌரவமான பொழுதுபோக்கு. ஓடிப்போன பெண்ணைத் தேடும் தகப்பன் என்ற பெயரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஏழு வருஷத்துக்கு முன் அவள் தன் மனத்துக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். "உன்னைத் தலைமுழுகியாச்சு" என்று வாசலில் நின்று சொன்னவர் இவர். சொன்ன சொல் மாறாத வம்சம். போன மாதம் இவருடைய தங்கைக்கு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பையனுக்கு நாலு வயசு, அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு என்று இரண்டே வரி. முகவரி இல்லை, தபால் முத்திரையில் ஊர் பெயர் மட்டும். அந்த மூட்டுவலிதான் இவரை ரயில் ஏற்றியது.

நான்காம் நாள் காலையில் தங்கை போன் செய்தாள்.

"கிடைச்சாளாண்ணே?"

"யாரு? நான் படம் எடுக்க வந்திருக்கேன்."

"ஆமா, பெரிய படம்! வாயத் தொறந்து பேரைச் சொல்லிக் கேளுண்ணே. கிரீடம் ஒண்ணும் கழண்டு விழாது."

"நம்ம வீட்டு விஷயம் தெருவுக்கு வரக் கூடாது."

"நீதானே நாலு நாளா தெருவுல நிக்கிற!"

அவர் போனை வைத்துவிட்டார்.

உத்தியோகத்தில் செய்தது போலவே தெருக்களை எடுத்துக்கொண்டார். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். கேமரா முதலில் சாக்காகத்தான் இருந்தது. பிறகு அதுவே கண்ணைத் திறந்துவிட்டது. செருப்புத் தைப்பவர் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, வந்தவர்களுக்குப் புருவத்தாலேயே பதில் சொன்னார். ஒரு கிழவர் மனைவியின் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்து, தானே மாட்டியும் விட்டார். ஒரு வாசற்படியில் அப்பன் செருப்புக்குள் பிள்ளை செருப்பு குடியிருந்தது. முப்பத்தைந்து வருஷம் தெருத் தெருவாக நடந்தவர்தான். சுவரின் நீளம் தெரியும். சுவருக்குப் பின்னால் ஆட்கள் இப்படியெல்லாம் இருப்பார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

பெண்கள் படத்துக்குள் வந்தால் கேமராவை இறக்கிவிடுவார். கேட்காமல் முகத்தை எடுப்பது மரியாதை இல்லை.

அன்று மாலை ஒரு மாடி வீட்டுக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வெயில் சாயட்டும் என்று எதிர்ப்புறம் அரைமணி நேரம் நின்று பதினோரு படம் எடுத்தார். ஜன்னல் திரை அசைந்தது. பெண்பிள்ளைகள் இருக்கும் வீடு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

விடுதி அறையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சட்டைகள் எல்லாம் உட்புறம் வெளியே திருப்பி, பொத்தான் போட்டு, தலைகீழாகத் தொங்கின. அது அவர் வீட்டுச் சட்டம். காலர் வெளுக்கக் கூடாது, காலர்தான் மனுஷனுக்கு முகம் என்று ஒருநாள் அவளை மொத்தத் துணியையும் மறுபடி உலர்த்த வைத்தவர் அவர். ஒரு சாண் பிள்ளைச் சட்டையிலும் ஐந்து பொத்தானும் போட்டிருந்தது.

உடனே ஓடியிருக்கலாம். ஆனால் விளக்கு வைத்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுப் படி ஏறுவது முறையல்ல. மறுநாள் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பத்து மணிக்குப் போனார்.

மாடியில் பூட்டு தொங்கியது. கொடி வெறுமையாக இருந்தது.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா மிஷின் மிதியை நிறுத்தினாள். கேமராவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நீங்கதானா அந்த அப்பா?"

"நான்... படம் எடுக்க..."

"அந்தப் படந்தான் குடியைக் கெடுத்துச்சு! விடியறதுக்குள்ள பொட்டியைக் கட்டிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கும்மா?"

"எங்கிட்ட கேக்குறீங்களா? வீட்டை இடிக்கறதுக்கு மொத நாள் நீங்க இப்படித்தான் ஒரு வார்த்தை பேசாம படம் எடுத்துட்டுப் போவீங்களாம். மறுநாள் ஆளோட வருவீங்களாம். 'எங்கப்பா படம் எடுத்துட்டார்க்கா, நாளைக்கு ஆளோட வருவார், எம் புருஷனை விடமாட்டாங்க'ன்னு நடுங்கினா பாவி மக."

பொய்யில்லை. வேலையில் இருந்தபோது புறம்போக்கு வீடுகளுக்கு அவர் அப்படித்தான் போவார். சிறுமியாக இருந்தபோது ஓரிரு முறை அவளையும் ஜீப்பில் கூட்டிப்போயிருக்கிறார்.

தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீங்க நின்ன அரைமணி நேரமும் தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு நின்னாளாம். 'தட்டினா திறந்திடலாம்னு இருந்தேன்க்கா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார்'னு அழுதா."

"எங்க போனாங்கம்மா?"

"தெரியாது. தெரிஞ்சாலும் உங்ககிட்ட சொல்லமாட்டேன்."

மூட்டுவலியோடு பேருந்து நிலையத்துக்கு ஓடினார். முதலில் கண்ணில் பட்ட நடத்துநரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணுப்பா. எனக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிட்டா. சின்னப் பையன் கூட இருப்பான். காலையில பார்த்தியா?"

குரல் உரக்கவே வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொறுமையா சொல்லுங்க பெரியவரே. ஆள் எப்படி இருப்பாங்க? ஒல்லியா, குண்டா? கண்ணாடி போடுவாங்களா?"

அவர் வாயைத் திறந்தார். ஏழு வருஷம். "தெரியலையேப்பா" என்றார்.

நடத்துநர் விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. அளவையர் அடுத்த பேருந்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்தவர்களிடம் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.