திருக்கைக் குருத்தெலும்புப் பொடி

முப்பது நோன்பையும் பிடித்தே தீருவேன் என்று நஜிமுதீன் மச்சான் பிடிவாதமாக இருந்தார். பன்னிரண்டு வருடச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். போன ரமலானில் ஏழாவது நோன்போடு டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். போர்ட் பிளேர் பக்கத்து வண்டூரில் அவரோடு கருவாடு காயப்போடும் மற்றவர்கள் பார்க்கப் பகலில் டீ குடித்தது அவருக்கு அவமானம்.

வழி சொன்னது நான். அவர் மனைவி அஸ்மா லாத்தாவின் தம்பி. லேப் டெக்னீஷியன் படிப்பைப் பாதியில் விட்டவன், ஐஸ் ஃபேக்டரி நைட் ஷிஃப்டையும் விட்டவன். மீன் குருத்தெலும்பில் இருக்கும் ஒரு பொருள் குடல் சர்க்கரையை உறிஞ்சுவதைத் தாமதப்படுத்துகிறது என்று செல்போனில் படித்திருந்தேன். சோதனை எலிகளுக்கு. அதை மச்சானிடம் சொல்லவில்லை.

கருவாட்டு ஷெட்டில் தூக்கி வீசும் திருக்கை மீன் குருத்தெலும்பை வேகவைத்துக் காயப்போட்டு இடித்தேன். நோன்புக்கு முந்தைய வாரம் சோற்றுக்கு முன் ஒரு ஸ்பூன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை இருநூற்று நாற்பதிலிருந்து நூற்று அறுபதாகியிருந்தது.

"டாக்டரெல்லாம் பேக்கார்டா மாப்ள, ஒண்ணுக்கும் ஆக மாட்டானுவ. பாதியில விட்டவன்தான் ஆளு," என்றார். என்னை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் நடுநடுவே டீயும் பிஸ்கட்டும் இருந்ததை நான் யோசிக்கவில்லை.

விடியுமுன் சாப்பிடும் சஹரில் பொடி, சோறு, வழக்கமான அளவு இன்சுலின். பகலில் விரலைக் குத்திப் பார்க்க விடமாட்டார். ரத்தம் வந்தால் நோன்பு முறிந்துவிடுமாம். முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியும் கேட்கவில்லை.

ஐந்தாவது நோன்பு. காலை எட்டு மணிக்கு, கருவாடு காயும் பரணில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. கை நடுங்கியது.

"மச்சான், சுகர் லோ ஆகுது. இந்த மிட்டாய வாயில போடுங்க."

"ஜானே தோ மாப்ள, விடு. நோன்புல இப்படித்தான் இருக்கும். நீ ஒரு நோன்பாவது முழுசாப் பிடிச்சிருக்கியா?"

"சீக்காளிக்கு அல்லாவே விட்டுக்குடுத்திருக்கான்," என்றாள் அஸ்மா லாத்தா. "வாயத் திறங்க."

"நான் சீக்காளி இல்ல புள்ள. அதான் பொடி இருக்கே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சோறு குடலிலேயே நிற்கிறது, இன்சுலின் அதற்காகக் காத்திருக்கவில்லை. பொடிதான் உங்களைக் கவிழ்க்கிறது என்று சொல்லியிருந்தால் வாயைத் திறந்திருப்பார். நான் சொல்லவில்லை. மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் பரணோடு சரிந்து விழுந்தார். பல் கிட்டியிருந்தது.

ஆட்டோவில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

"ஔர் குச் தவா லியா க்யா?" வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார்.

லாத்தா என்னைப் பார்த்தாள்.

"நஹி, சாப்," என்றேன்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது. மச்சான் கண் திறக்கவில்லை. ரொம்ப நேரம் லோவாக இருந்திருக்கிறது, மூளையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மாலை வரை அப்படியே கிடந்தார்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள் லாத்தா.

"இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவள் எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. உடைந்த ஹிந்தியில், மீன் எலும்பை இடித்துக் கொடுத்தது தான்தான் என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று டாக்டர் கத்தினார்.

"கோயி நஹி," என்றாள். யாருமில்லை.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போகவில்லை.