ஆர்னியின் துவைக்காத சட்டை

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது பாட்டுச் சண்டைதான். அம்மா ஈர்மாவுக்கு டாங்கோ ஆட்டப் பாட்டு. சமையலறை ரேடியோவில் அக்கார்டியன் அழ ஆரம்பித்தால் போதும், கரண்டியும் கையுமாக ஆட ஆரம்பித்துவிடுவாள். தம்பி ஆர்னிக்கு சுவோசில்மா என்கிற மெட்டல் இசைக்குழு. பள்ளிக்கூடக் காலத்தில் பிடித்த பைத்தியம், தாடி வளர்ந்தும் தெளியவில்லை. அவர்கள் எந்த ஊரில் வாசித்தாலும் காரைக் கிளப்பிவிடுவான். மேடையை ஒட்டின கம்பியைப் பிடித்து நிற்காவிட்டால் அவனுக்கு அது கச்சேரியே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது அக்காக்காரி நான், தூலியா.

"இது பாட்டாடா? பன்னியை அறுத்தாகூட இதைவிட ராகமா கத்தும்" என்பாள் அம்மா.

"உன் டாங்கோ மட்டும் என்ன வாழுதாம்? பாட்டுக்குப் பாட்டு எவளோ ஒருத்தி எவனையோ விட்டுட்டு ஓடிப்போறா. அதுக்கு நீ ஆட்டம் வேற."

சில நாள் இரண்டு பேரும் சிரிப்பார்கள். சில நாள் கதவு அதிரும்.

பாட்டைவிடப் பெரிய சண்டை அந்தச் சட்டைக்குத்தான். கை வெட்டின ஜீன்ஸ் சட்டை, உடம்பு முழுக்க அவனே ஊசி நூலால் தைத்த குழுச் சின்னங்கள். முதுகில் வெள்ளைத் துணியில் பெரிதாகச் சுவோசில்மா. அதன்மேல் குழுவின் இறந்துபோன பழைய பாடகர் பேனாவால் போட்டுக் கொடுத்த கையெழுத்து. வாங்கின நாளிலிருந்து அது சோப்புத் தண்ணீரைக் கண்டதில்லை. மெட்டல் ரசிகர்கள் யாரும் இந்த மாதிரிச் சட்டையைத் துவைக்க மாட்டார்கள். பீர், சேறு, மழை, வேர்வை எல்லாம் அதிலேயே கிடக்க வேண்டும்.

"நாத்தம் குடலைப் புரட்டுது, குடுடா அதை!"

"துவைக்கக் கூடாதும்மா. எத்தனை வாட்டி சொல்றது?"

"சோம்பேறிக்குச் சாக்கா பஞ்சம்!"

போன நவம்பரில், ஆர்னி மர ஆலைக்குக் காலை வேலைக்குப் போகிற வழியில் ஒரு கடமான் அவன் காருக்குக் குறுக்கே பாய்ந்தது. மான் எழுந்து காட்டுக்குள் போய்விட்டதாம். என் தம்பி எழுந்திருக்கவில்லை.

சவப்பெட்டியில் வைக்கும்போது என்ன உடுப்பு போடுவது என்று மருத்துவமனையில் கேட்டார்கள். அம்மா கோட்டு சூட்டு என்பாள், இன்றைக்கும் ஒரு சண்டை என்று நினைத்து, மல்லுக்குத் தயாராகவே "அந்தச் சட்டைதான்" என்றேன்.

"ஆமாண்டி. அவனுக்குப் பிடிச்சதையே போட்டுட்டுப் போகட்டும்" என்றாள்.

அத்தனை வருஷச் சண்டையில் அம்மா விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காப்பியும் பன்னும் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். திரும்பி வந்தால் சானா என்கிற நீராவிக் குளியல் அறைப் பலகைமேல் அந்தச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பளிச்சென்று வெளுத்து, பைன் மரச் சோப்பு மணக்க. முதுகில் கையெழுத்து இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

ஐயோ என்று கத்த வாயெடுத்தேன். அம்மா இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டு நின்றாள். சேதி வந்த நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் கண் காய்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்ல? விழுங்கிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு முந்தின நாள், மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கிற சிறு ஜெபக்கூடத்தில், பெட்டியை மூடுமுன் பார்க்க அவன் சிநேகிதர்கள் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேர் மேலும் அதே மாதிரி அழுக்குச் சட்டை. நெஞ்சுவரை தாடி வைத்த பெத்தெரி குழந்தை மாதிரி தேம்பினான். அம்மா அவன் முதுகைத் தடவினாள்.

"பாத்தியாப்பா, மாப்பிள்ளை மாதிரி இல்ல? ரெண்டு தடவை சோப்பு போட்டேன். பல் தேய்க்கிற பிரஷ்ஷை வெச்சு ஒவ்வொரு சின்னமா தேய்ச்சேன்."

பெத்தெரி சட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பாவி, வாயைத் திறந்துவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நல்லா... நல்லா இருக்கும்மா."

அதோடு விட்டிருக்கலாம். அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உங்களுக்குக் கழட்டிக் குடுன்னு சொல்ல ஆளில்லை போல. குடுங்கப்பா, அடக்கத்துக்குள்ள துவைச்சுத் தரேன். நீங்களும் என் பிள்ளைங்கதானே" என்று பக்கத்தில் நின்ற கீயாவின் காலரைத் தொட்டாள்.

கீயா பதறிப் பின்னால் நகர்ந்து, சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மற்ற மூன்று பேர் கையும் தானாகச் சட்டைமேல் போனது.

அம்மா ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அப்போ நிஜமாவே துவைக்கக் கூடாதா?"

கீயாதான் அழுதுகொண்டே சொன்னாள். "அதுல அவன் வேர்வை இருக்கும்மா. அவன் நின்ன ஊரெல்லாம் இருக்கும். அதுக்குத்தான்..."

அம்மா குனிந்து அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்தாள். வெகுநேரம் மூச்சை இழுத்து இழுத்து மோந்தாள். நிமிர்ந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"சோப்புதாண்டி மணக்குது. தூலியா, வீட்டுல அவன் துணி எதாச்சும் துவைக்காம கிடக்கா? ஒரு சாக்ஸ்? தலகாணி உறை?"

வீடு முழுக்க மனசால் தேடினேன். சேதி வந்த அன்றைக்குச் சும்மா உட்கார முடியாமல், அந்தச் சட்டை ஒன்றைத் தவிர அவன் அறையில் இருந்த எல்லாத் துணியையும் அம்மா மெஷினில் போட்டிருந்தாள். கம்பளிக் கையுறையைக்கூட விடவில்லை.

"இல்லம்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்தையும் நீயே துவைச்சுட்ட."

பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு ஊழியர்கள் வாசலில் காத்திருந்தார்கள்.