எஞ்சினைக் காணோம்

மீமிசலைத் தாண்டி, இறால் பண்ணைகளுக்குப் பிரியும் முக்கில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ‘எம்.எஸ். வாட்டர் சர்வீஸ்’ இருந்தது. எம் என்றால் அப்துல் மஜீது. எஸ் என்றால் சிக்கந்தர். மஜீதின் மனைவி பாசிலாவுக்கு சிக்கந்தர் கூடப்பிறந்த அண்ணன். எந்த எழுத்து முதலில் வருவது என்பதில் மச்சான்கள் இருவருக்கும் பல நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில், போர்டு எழுத வந்த பெயிண்டர், “ஏபிசிடில எது முன்னாடி வருதோ அதான் முன்னாடி” என்று தீர்ப்புச் சொல்லி, கூலியை வாங்கிக்கொண்டு தப்பித்தார்.

இருவரும் வெளிநாட்டில் டிரைவராக இருந்து திரும்பியவர்கள். மஜீது குவைத்தில் பதினாலு வருடம். அவருடைய அரபி முதலாளியிடம் அமெரிக்க மசில் கார் ஒன்று இருந்தது. சிக்கந்தர் துபாயில். அவருடைய முதலாளியிடம் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். மீமிசலில் இந்த இரண்டு செய்திகளும் தெரியாதவர்கள் என்றால் தொட்டில் குழந்தைகளைத்தான் சொல்ல வேண்டும்.

வாட்டர் சர்வீஸுக்கு வரும் வண்டிகள் எல்லாம் இறால் தீவனம் ஏற்றும் லோடு ஆட்டோக்கள், மீன் வேன்கள், சேற்றில் குளித்த டிராக்டர்கள். உலகின் மிக உயர்ந்த கார்களைப் பற்றிய விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒருவர் பிரஷர் பைப்பைப் பிடித்துக்கொண்டும் இன்னொருவர் பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டும் தினமும் அதைத்தான் பேசினார்கள்.

“மச்சான், ஒங்க ஜெர்மன் வண்டி வளைவுல நல்லாப் போகும். ஒத்துக்கிறேன்” என்பார் மஜீது. “மீமிசல்லேர்ந்து தொண்டி வரைக்கும் ஒரு வளைவு காட்டுங்க பாப்பம்.”

“வளைவு இல்லாட்டி என்ன மாப்ள, ஆடு இருக்குல்ல? குறுக்க ஒரு ஆடு வந்துச்சுன்னா என் வண்டி அந்த எடத்துலயே நிக்கும். ஒங்க அமெரிக்காக்காரன் வண்டி தொண்டியில போயித்தான் நிக்கும்.”

“அது வர்ற சத்தத்துக்கு ஆடு தானா ஓடிரும் மச்சான். எட்டு சிலிண்டரு! ஒங்களுது என்ன, தையல் மிஷின் சத்தம்.”

“சத்தம் போடுறதுதான் பெருசுன்னா மைக்செட்காரன் வேனை வாங்கி ஓட்டலாமே.”

அந்த ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் வெள்ளைச்சாமி. ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயி. டிராக்டரைக் கழுவக் கொண்டுவந்து வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தார். “ரெண்டுல எது டிரெய்லர் இழுக்கும்?” என்று நியாயமாகத்தான் கேட்டார். இருவரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவர்கள் ஒரே கருத்தாக இருந்த தருணம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

அப்போது வடக்கேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் மஜீது நிமிர்ந்தார். நீல நிறத்தில் நீளமான மூக்கோடு ஒரு அமெரிக்க மசில் கார், அதன் பின்னாலேயே தவளை போலத் தரையோடு படுத்த வெள்ளை நிற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டும் வேகம் குறைந்து, இண்டிகேட்டர் போட்டு, எம்.எஸ். வாட்டர் சர்வீஸுக்குள் திரும்பின. சிக்கந்தரின் கையிலிருந்த பைப் தன் இஷ்டத்துக்கு வெள்ளைச்சாமியை நனைத்தது. அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

நீல காரிலிருந்து இறங்கியவர் ஆனந்தராஜ், சென்னையில் டைல்ஸ் வியாபாரம் செய்பவர். வெள்ளை காரிலிருந்து இறங்கியது அவர் மனைவி வனிதா. எந்த கார் வாங்குவது என்று இருவரும் முடிவுக்கு வர முடியாமல் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்ட தம்பதி. தனுஷ்கோடியில் கார் கிளப் நண்பர்களோடு சேர்ந்துகொள்ளப் போகும் வழியில், கோட்டைப்பட்டினம் தாண்டி முன்னால் போன மீன் வேன் ஒன்று திடீரென்று பிரேக் போட்டிருக்கிறது. அதிலிருந்த ஐஸ் தண்ணீர் முழுவதும் இரண்டு கார்களின் மேலும் கொட்டிவிட்டது. மீன் கழுவிய தண்ணீருக்கு அமெரிக்கா, ஜெர்மனி என்ற பாகுபாடெல்லாம் தெரியவில்லை. நாற்றம் சரிசமமாக அடித்தது.

“ஃபோம் வாஷ் இருக்கா இங்க?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார் ஆனந்தராஜ்.

“எல்லாம் இருக்கு சார்” என்றார் மஜீது. ஒரு வாளியும் ஷாம்பு பாட்டிலும் இருந்தன. “எட்டு சிலிண்டர்தானே சார்? நான் குவைத்துல பதினாலு வருசம் இதைத்தான் ஓட்டுனேன்.”

ஆனந்தராஜ் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். “கேட்டியா வனிதா? சென்னையில ஒருத்தனுக்கும் புரியல. மீமிசல்ல ரசனை உள்ள மனுஷன் இருக்கார்.”

“மேடம்” என்று சிக்கந்தர் ஓரடி முன்னால் வந்தார். “நான் துபாய்ல ஒங்க வண்டிதான் ஓட்டுனேன்.”

“ஆஹா, எனக்கும் ஒரு ஆள் கிடைச்சாச்சு” என்றாள் வனிதா.

அதன்பிறகு நால்வரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அமெரிக்க காருக்கு பெட்ரோல் பங்க்கைப் பின்னாலேயே கட்டி இழுத்துப் போக வேண்டும் என்றாள் வனிதா. ஜெர்மன் காருக்குள் ஏறி இறங்குவதற்கு முதலில் யோகா படிக்க வேண்டும் என்றார் ஆனந்தராஜ். மேடம் சொல்வதுதான் சரி என்றார் சிக்கந்தர். சார் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது என்றார் மஜீது. மீன் தண்ணீர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

“பேசிட்டே இருந்தா எப்படி? தெரிஞ்ச ஆளுங்ககிட்டதானே வந்திருக்கோம், நீங்களே எடுத்து அந்தக் கழுவுற ரேம்ப்ல ஏத்துங்க” என்று ஆனந்தராஜ் பெருந்தன்மையாகச் சொன்னபோது, மச்சான்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் போனார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. துபாயில் சிக்கந்தர் ஓட்டியது முதலாளியின் கடைக்குக் காய்கறி கொண்டுவரும் வேன். ஜெர்மன் காரை அவர் பார்க்கிங்கில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார், ஆசையோடு. குவைத்தில் மஜீது ஓட்டியது முதலாளியின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் வேன். வெள்ளிக்கிழமைதோறும் அமெரிக்க காரின் உறையை நீக்கி, துடைத்து, மறுபடியும் உறையைப் போடுவார். உள்ளே உட்காரக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஒருவர் கதை மற்றவருக்குத் தெரியாது. அதனால்தான் விவாதம் இத்தனை வருடம் தங்குதடையில்லாமல் ஓடியது.

“மொதல்ல மேடம் வண்டி” என்றார் மஜீது அவசரமாக.

சிக்கந்தர் நேரம் கடத்தப் பார்த்தார். “தண்ணி அடிக்கிறதுக்கு முந்தி எஞ்சினை பாலித்தீன் போட்டு மூடிரணும் மேடம். காஸ்ட்லி எஞ்சினு.” கையில் பாலித்தீன் கவரை எடுத்துக்கொண்டு, முன்பக்க மூடியைத் திறக்கச் சொன்னார். வனிதா ஏன் எதற்கென்று கேட்காமல் திறந்துவிட்டாள்.

உள்ளே ஒரு துணிப் பை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு முறுக்கு பாக்கெட். சிக்கந்தர் மூடியைச் சாத்தினார். கொஞ்சம் மூச்சு விட்டு மறுபடி திறந்தார். முறுக்கு பாக்கெட் அங்கேயேதான் இருந்தது.

“மேடம்” என்றார் மெல்லிய குரலில். “எஞ்சினைக் காணோம்.”

“துபாய்ல எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள் வனிதா.

சிக்கந்தர் முறுக்கு பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். அவள் காரின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். “இதுக்கு எஞ்சின் பின்னாடி.”

மஜீது சிரித்த சிரிப்பில் மோட்டார் ரூம் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “மச்சான், கோட்டைப்பட்டினத்துலயே விழுந்துருச்சா என்னமோ! யாரையாச்சும் அனுப்பித் தேடச் சொல்லுவமா?” வெள்ளைச்சாமி இதை நம்பி, எழுந்து போய்ச் சாலையை எட்டிப் பார்த்தார். சிக்கந்தர் பாலித்தீன் கவரை மடித்தார். அதை இதற்கு முன் யாரும் அத்தனை அழகாக மடித்ததில்லை.

“சரி, நீங்க வாங்க” என்று ஆனந்தராஜ் தன் சாவியை மஜீதின் கையில் வைத்தார். சிரிப்பு நின்றது.

முழங்கால் வலி என்று சொல்லிப் பார்த்தார் மஜீது. “உட்கார்ந்து ஓட்டுறதுக்கு முழங்கால் எதுக்குண்ணே?” என்று கேட்டு, கதவையும் திறந்துவிட்டார் ஆனந்தராஜ். வேறு வழியில்லாமல் மஜீது உள்ளே உட்கார்ந்தார். பதினாலு வருடம் வெளியிலிருந்து துடைத்த சீட். ஒரு கணம் அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் போல ஆனது. பிறகு சாவி போடும் துவாரத்தைத் தேட ஆரம்பித்தார். ஸ்டியரிங்குக்கு இந்தப் பக்கம் தேடினார், அந்தப் பக்கம் தேடினார், குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்தார்.

“பட்டனை அழுத்துங்க” என்றாள் வனிதா, பின்னால் இருந்த தன் காருக்குப் பக்கத்தில் நின்றபடி.

அழுத்தினார். எஞ்சின் உறுமியதில் வேப்ப மரத்துக் காக்கைகள் கிளம்பின. மஜீது கியரைப் போட்டு, பள்ளிக்கூட வேனை மனதில் நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். அந்த வேனுக்கு அப்படி மிதித்தால்தான் நகரும்.

ரேம்ப்புக்கு முன்னால் இருந்தது சாதாரணத் தரை அல்ல. பல வருடமாக டிராக்டர்களிலிருந்தும் லோடு ஆட்டோக்களிலிருந்தும் கழுவி விழுந்த இறால் குட்டைச் சேறு, எப்போதும் ஈரம் காயாதது. நானூற்றுச் சொச்சம் குதிரைகளும் மொத்தமாகப் பின்சக்கரங்களுக்கு வந்து சேர்ந்தன. சக்கரங்கள் சுழன்றன. கார் ஓர் அங்குலம்கூட முன்னால் போகவில்லை. அதற்குப் பதிலாகச் சேறு பின்னால் போனது.

“பவர்! பாத்தியா பவர்!” என்று ஆனந்தராஜ் போனில் வீடியோ எடுத்தபடி குதித்தார். பிறகு போனைத் திருப்பினார். வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் கருப்பாக இருந்தது. அதன் பக்கத்தில் வனிதா கருப்பாக இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பாலித்தீன் கவரோடு நின்ற சிக்கந்தரின் கண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

மஜீது காலை எடுத்தபோது பின்சக்கரங்கள் பாதிக்கு மேல் புதைந்து, காரின் வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டது.

வெள்ளைச்சாமி டிராக்டரால் இழுத்து விடுவதாகச் சொன்னார். ஆனந்தராஜ் மறுத்தார். மசில் காரை டிராக்டர் கட்டி இழுத்தது என்று கிளப்பில் தெரிந்தால் தலைகாட்ட முடியாதாம். ஆகவே ஆண்கள் நால்வரும் தள்ளினார்கள். ஆனந்தராஜின் வெள்ளை ஷூ ஒன்று சேற்றுக்குள் போய்த் திரும்பி வரவில்லை. அதன்பிறகு யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு டிராக்டருக்குச் சம்மதித்தார். கயிறு இறுகி, நீல கார் வெளியே வந்தபோது வனிதா நான்கு போட்டோ எடுத்து, அங்கேயே நின்றபடி கிளப் குரூப்பில் போட்டாள்.

ஒற்றை ஷூவோடு நின்ற ஆனந்தராஜுக்கு இப்போதுதான் சந்தேகம் வந்தது. “ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. நிஜமாவே பதினாலு வருஷம் இதை ஓட்டினீங்களா?”

மஜீது வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து பாசிலா சோற்று கேரியரோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அவள் முன்னாலா இது நடக்க வேண்டும்? பதினாலு வருடமும் புருஷன் போன் பேசும்போதெல்லாம் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டதை அவள் மறக்கவில்லை. ஒரு நாளும் அதைப் பற்றி அவள் கேட்டதும் இல்லை. மஜீதுக்கு அதெல்லாம் தெரியாது. அவர் தரையைப் பார்த்தார்.

சிக்கந்தருக்கு இது அல்லா கொடுத்த வாய்ப்பு. எஞ்சினைத் தேடி ஆள் அனுப்பலாமா என்று கேட்ட சிரிப்பு இன்னும் காதிலேயே இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவர் முகத்துச் சேற்றைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். தங்கச்சியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“ஓட்டுனவருதான் சார்” என்றார். “அங்கெல்லாம் லெஃப்ட் ஹேண்ட் வண்டி. ஸ்டியரிங் அங்கிட்டு இருக்கும். இங்கிட்டு ஒக்காந்தா எவ்வளவு பெரிய டிரைவருக்கும் கால் தடுமாறத்தான் செய்யும்.”

ஆனந்தராஜ் யோசித்தார். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் ஆக்சிலேட்டர் வலது காலுக்குத்தான் என்பதைச் சொல்ல வனிதா வாயெடுத்தாள். மஜீதின் முகம் அவள் கண்ணில் பட்டது. “ஆமா, தடுமாறும்தான்” என்று சொல்லிவிட்டு, முகம் கழுவத் தண்ணீர் கேட்டாள்.

இரண்டு கார்களையும் ரேம்ப்பில் ஏற்றாமலே, தரையில் வைத்துக் கழுவினார்கள். ஏற்றியிருந்தாலும் ஜெர்மன் காரின் முகவாய் முதல் சரிவிலேயே இடித்திருக்கும். நீல காரை மஜீதும் வெள்ளை காரை சிக்கந்தரும் கழுவினார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதில் பொய் ஒன்றும் கிடையாது. சக்கரத்தின் உள்பக்கம் வரை கை விட்டுத் துடைத்தார்கள். கிளம்பும்போது ஆனந்தராஜும் வனிதாவும் சேற்றுக்கு யார் காரணம், காரா, டிரைவரா, ரோடா என்று புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். சாலையில் ஏறியதும் அவர்களுக்கு முன்னால் இன்னொரு மீன் வேன் வந்து சேர்ந்தது. இரண்டு கார்களும் அதற்கு ஐம்பதடி பின்னால், மாட்டு வண்டி வேகத்தில், மிகுந்த மரியாதையோடு ஊர்ந்து போயின.

பாசிலா மோட்டார் ரூமில் பாயை விரித்து, சோறும் கொடுவா மீன் குழம்பும் பரிமாறினாள். புருஷனும் அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். இப்படி ஒரு காட்சியை அவள் பார்த்ததே இல்லை.

“என்ன, ரெண்டு பேரும் பேசாமச் சாப்புடுறீங்க? ஒடம்புக்கு எதும் சரியில்லையா?”

“ஒன் அண்ணனுக்கு இன்னொரு துண்டு மீன் வையி” என்றார் மஜீது.

“அவரு தட்டுல ஏற்கெனவே ரெண்டு கெடக்கு.”

“கெடந்தா கெடக்கட்டும். நீ வையி.”

சிக்கந்தர் தலையை நிமிர்த்தவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார்.