ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு விளக்கு

மாதாவின் காலடியில் மஞ்சளாக ஏதோ எரிகிறதே... வெயில்தான் கண்ணாடியில் பட்டு அப்படித் தெரிகிறது போல. ஆனால் தலையார் தாண்டி மலை நிழல் வண்டியின் மேல் விழுந்த பிறகும் அது போகவில்லை, வெயில் என்றால் நிழலில் அணைந்திருக்க வேண்டுமே என்று ஜின்சி நினைக்கும்போதே வண்டி ஒருமுறை குலுங்கி, ஏற மனமில்லாமல் ஏறியது. அவள் கியரை இரண்டுக்கு இறக்கினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடியின் இடது ஓரத்தில், புருஷன் பாஸ்கல் ஒட்டிய வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர். மழைக்கு முன்னால் ஒட்டியது. இப்போது கீழ்மூலை சுருண்டு, அந்த இடுக்கு வழியாகத்தான் மஞ்சள் கசிகிறது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் இரண்டு வளைவுகள் வரை புரியாதவள் மாதிரியே ஓட்டினாள். பக்கத்தில் மாமியார் செபமாலையம்மாள், மடியில் துணிப்பை, வலது கையில் ஜெபமாலை, ஒவ்வொரு வளைவுக்கும் ஜன்னலுக்கு மேலே உள்ள பிடியை இடது கையால் எட்டிப் பிடித்துக்கொண்டு. ஞாயிறு பூசைக்கு மறையூரில் அவள் வீட்டுக்கு வந்தவரை இந்தத் திங்களன்று மூணாறுக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறாள். விடுவது மட்டும் இல்லை. எஸ்டேட் ஆபீசில் போய் நின்று, மாமியார் இடத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்க நான் வருகிறேன் என்று பேர் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம், இந்த லீவு, இந்த எழவு வண்டி.

சென்சார் மாற்றியாச்சு என்றானே பாஸ்கல். கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னானே, பாரு, விளக்கு அணைஞ்சிருச்சு, இனி வாயத் தொறக்காத. எட்டிப் பார்த்தாள், விளக்கு இல்லை, மாதா இருந்தார். இவனுக்கும் பக்தி வந்துவிட்டதே என்று சிரித்தது யார், அவள்தான். அதற்கு முந்தின வாரம்தான் மறையூர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வீரபாண்டி தலையை வெளியே நீட்டிச் சொல்லியிருந்தான், "ஆக்சிஜன் சென்சார்க்கா. சைலன்சர் குழாயில உக்காந்து பொகைய மோந்து பாக்குற சாமான். பெட்ரோல் கூடுதலா கொறவான்னு அதுதான் எஞ்சினுக்குச் சொல்லும். அது செத்துப்போச்சு, இப்ப எஞ்சின் குத்துமதிப்பா குடிக்கிது." மாத்தலேன்னா? "ஓடும்." ஓடும் என்றால் எத்தனை நாள் ஓடும்? "ஓடுற வரைக்கும் ஓடும், பழைய வண்டிதானக்கா." அப்புறம் ஒன்று கேட்டான், மண்ணெண்ணெய் கிண்ணெண்ணெய் கலந்தீங்களா என்று. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, நான் என்ன பாஸ்கல் மாதிரி டீசல் ஜீப்பா ஓட்டுறேன் என்று கேட்டுவிட்டு வந்தாள். ஓடும்ல, ஓடும்ல... இந்த மலையில் எல்லாருக்கும் இந்த ஒரு வார்த்தை போதும். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டுக் கூரை ஒழுகினால் சட்டி வைத்தால் ஓடும். அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் ரத்தம் எண்ணுகிற மெஷினில் இப்படி ஒரு விளக்கு எரிந்தால் அவள் ரிப்போர்ட்டை வெளியே விடமாட்டாள், டாக்டரே வந்து நின்றாலும் விடமாட்டாள், விட்டால் யாரோ ஒருத்தருக்கு இல்லாத நோய்க்கு மாத்திரை போகும். அந்த மெஷின் முன்னால் உட்கார என்ன படிப்பு படித்தாள், எந்த ஊர் ஹாஸ்டலில் என்ன சோறு தின்றாள், அதையெல்லாம் விட்டுவிட்டு இடுப்பில் படுதாவைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏற வேண்டுமாம், ஏனென்றால் வீட்டில் ஒருத்தர் எஸ்டேட் பேரேட்டில் இருந்தால்தான் லயத்து வீடு கையில் நிற்கும், செபமாலைக்கு இந்த மாதத்தோடு சர்வீஸ் முடிகிறது. சரி, மகன் போகட்டுமே? மருந்தடிக்க, கவாத்து வெட்ட ஆண்களும்தானே போகிறார்கள்? கேட்டாளே. "நான் போனா ஜீப்ப யாரு ஓட்டுவா, உங்கப்பனா?" ஜீப் ஓட வேண்டும், டூரிஸ்ட்டுகள் மேகம் பார்க்க வேண்டும், அந்த ஜீப் ராத்திரி நிற்க லயத்து வாசல் வேண்டும், அதற்கு அவள் கொழுந்து கிள்ள வேண்டும். முடியாது என்றாள். அப்போதுதான் குரலை இறக்கி அதைச் சொன்னான்... அம்மா அழுவுது ஜின்சி. ராத்திரியெல்லாம் அழுவுது. வெளிய சொல்லாது.

அழுகிறவர் மாதிரியா இருக்கிறார்? ஓரக்கண்ணால் பார்த்தாள். செபமாலையம்மாள் வாயில் எதையோ மென்றுகொண்டு, அடுத்தவர் தோட்டத்துச் செடியைக் குறை சொல்கிற முகத்தோடு சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முகத்துக்காகத்தான் சரி என்றோம். இந்த வாய் ஒருமுறையாவது, தாயி, எனக்காக வாரியே என்று சொல்லியிருக்கிறதா? அழத் தெரிகிறது, மகனிடம் சொல்லத் தெரிகிறது, நேரில் ஒரு வார்த்தை கிடையாது. மறையூரில் கிளம்பும்போது நாலு மூட்டை வெல்லம் ஏற்றத் தெரிந்தது, லயத்தில் எல்லாருக்கும் கொடுக்கணுமாம், ஓய்வு பெறுகிறாராம்.

ராஜமலை முக்கில் வண்டிகள் நின்றுவிட்டன. வரையாடு பார்க்க வந்த கூட்டம், ஒருத்தன் கதவைத் திறந்து போட்டு நடுரோட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறான். நின்றதும் எஞ்சின் நடுங்கத் தொடங்கியது, ஸ்டியரிங் நடுங்கியது, மாதா நடுங்கினார், பின்னால் கரும்புகை. புல்லட்டில் வந்த பையன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சேச்சி, இதொந்நு பொளிக்கான் கொடுத்தூடே" என்று சொல்லிவிட்டு இடுக்கில் புகுந்து போனான். உடைக்கக் கொடுக்கக்கூடாதா என்கிறான், உடைத்துப் போட வேண்டியதுதான். எல்லாவற்றையும். அவள் நகத்தால் சுருண்ட மூலையைப் பிடித்து இழுத்தாள். மாதா பாதி கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டு வந்தார், உள்ளே சின்ன எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு, அணைவேனா என்று எரிந்துகொண்டிருந்தது. செபமாலையம்மாள் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தினால் நல்லது, பதிலுக்குக் கத்தலாம்.

"அங்கன ஒட்டாதலேன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் செபமாலையம்மாள், கிழிந்த துண்டை அவள் விரலிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தபடி. "மறைக்கதுக்கா மாதா?"

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாம என்ன? ஜீப்புல ஊத்துத மண்ணெண்ணைய இதுலயும் ஊத்துனானே, லயத்து வாசல்ல வச்சித்தான். டீசல் வண்டி குடிக்கும், இது குடிக்காதான்னு கேட்டான். கெட்டிக்காரன்."

அப்போ வீரபாண்டி கேட்டது... இவன் கலந்துதான் சென்சார் செத்திருக்கிறது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எப்ப கேட்ட? எங்கிட்ட நீ என்னத்தத்தான் கேட்ட, சாப்டீங்களா, மாத்திர போட்டீங்களா, அத விட்டா?"

முன்னால் வண்டிகள் நகர்ந்தன. பின்னால் ஹாரன். அவள் கிளட்ச்சை விட்டாள், வண்டி துள்ளி நகர்ந்தது. கேட்டேவிடுவோம், கேட்காமல் இருந்ததற்குத்தானே பேச்சு விழுகிறது. "வீடு போயிரும்னு ராத்திரியெல்லாம் அழுதீங்களாமே, அதையும் கேட்கலதான்."

செபமாலையம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். மெல்லுவது நின்றது. "யாரு, நானா?" பிறகு சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "அவன் அப்பன் செத்தன்னைக்கே எனக்குச் சரியா அழ வரல. இந்த ஓட்டு வீட்டுக்கா அழப்போறேன்? அழுதேன்னா சொன்னான்?" சிரிப்பு அப்படியே அடங்கியது. "எங்கப்பன் புளுகு வாய்தான் அவனுக்கு."

இதையும் ஒட்டித்தான் வைத்திருக்கிறான். விளக்கின் மேல் மாதா, ஜீப்பின் மேல் அம்மாவின் அழுகை. இவள் இத்தனை நாள் யார் மேல் கோபப்பட்டாள்? சோறு போடும்போது கரண்டியைச் சத்தமாக வைத்தது, பூசை முடிந்து பேசாமல் முன்னால் நடந்தது, வெல்ல மூட்டையைத் திட்டியது... அழாத ஒருத்தி மேல். அவன் வீட்டுக்கு வரட்டும், அந்த மண்ணெண்ணெய் கேனை அவன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், இது குடிக்காதா என்று கேட்கிறேன். ஆபீசுக்குள் போக மாட்டேன். கிழவியை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். என்னைச் சொல்ல இவன் யார், எஸ்டேட் யார்? ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பதில் தயாரானது. டவுனைக் கடந்து எஸ்டேட் ரோட்டில் ஏறி, ஆபீஸ் முற்றத்தில் நிறுத்தும்போது அவளிடம் யார் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்ல வார்த்தை நிறைய இருந்தது. எஞ்சினை அணைக்கவில்லை. சூட்டில் அணைத்தால் திரும்பப் பிடிக்காது.

கிளார்க் வராந்தாவுக்கு வந்தார். "செபமாலை, மருமகளாணோ? வரச் சொல்லு, பேரு எழுதணும்."

"இரு சாரே." செபமாலையம்மாள் இறங்கவில்லை. கதவுப் பிடியில் கை, கண் அந்த மஞ்சள் விளக்கில். "வீடு போனா எனக்கும் கஷ்டந்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். தங்கச்சி மக வீட்டுத் திண்டாட்டம் எனக்குத் தெரியும், அங்க போயி எத்தன நாளு... அது கெடக்கட்டும்." அவள் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லுத? ஒனக்கு என்ன வேணும்?"

ஜின்சி வாயைத் திறந்தாள். வழியெல்லாம் சேர்த்த பதில்கள் அத்தனையும் யாராவது போகச் சொன்னால் சொல்வதற்காக இருந்தன. கேட்டால் சொல்வதற்கு... மாட்டேன் என்பதுதான், இவ்வளவு நேரம் அதுதானே நாக்கின் நுனியில் இருந்தது, அது எங்கே போயிற்று? கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது, பெட்ரோல் நாற்றம் உள்ளே வந்தது. இதற்கு முன்னால் இதை யாராவது அவளிடம் கேட்டிருக்கிறார்களா என்று யோசித்தாள். அவளே கேட்டுக்கொண்டதுண்டா என்று யோசித்தபோது, கை தானாக மீட்டர் கண்ணாடிக்குப் போய், ஸ்டிக்கர் பசை இருந்த இடத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கியது.