மூன்று மடங்கு

கால்பந்து நடுவரின் ரத்தம் இருந்த சின்னக் குழாயைச் சோதனைக்கூடத்துப் பெண் அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் படுக்கையில் இருந்தபடியே அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பொட்டலம் கட்டுற? பார்சலா?"

பக்கத்துப் படுக்கைத் தையல்காரம்மா சிரித்தார். சோதனைக்கூடத்துப் பெண்ணுக்குச் சிரிக்கலாமா என்று முடிவாவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. வெளிச்சம் பட்டால் ரத்தத்தில் இருக்கும் போர்ஃபிரின் என்ற பொருள் சிதைந்துவிடும், அளவைக் குறைத்துக் காட்டும், அதனால்தான் தாள் என்று விளக்கியிருக்கலாம். தாளின் ஓரத்தை இன்னொரு முறை மடித்தாள்.

நடுவருக்குச் சிறுநீரகம் கைவிட்டு மூன்று வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மற்ற நாட்களில் கால்பந்து மைதானம். போன மாதம் வலது புறங்கையில் கொப்புளங்கள் வந்தன. ரத்தத்தில் போர்ஃபிரின் மிஞ்சினால் வெயில் பட்ட தோல் இப்படிப் பொங்கும். அதனால் டாக்டரம்மா சோதனைக்கு எழுதினார். முடிவு தெரியும்வரை வெயிலில் தலை காட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். பெண்கள் அணிகளின் இறுதி ஆட்டம் அடுத்த ஞாயிறு, பட்டப்பகலில். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு இறுதி ஆட்டத்தைக்கூட அவர் விட்டதில்லை.

முடிவு மறுநாள் வந்தது. இயல்பைப் போல மூன்று மடங்கு.

"வெயில் இல்லன்னா நான் எங்க போறது? வீட்டுக்குள்ள உக்காந்து யாருக்கு ஃபவுல் குடுக்கிறது?" என்றார் நடுவர். பாதிதான் விளையாட்டு.

"எனக்குத்தான். வேற யாரு இருக்கா?" என்றாள் அவர் மனைவி. சொல்லிவிட்டு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கை அன்று முழுக்கச் சோதனைக்கூடத்துப் பெண்ணின் கண்ணிலேயே நின்றது. முடிவுத்தாளில் 'இயல்பு' என்று அச்சிட்டிருந்த எண்ணை மறுபடி மறுபடி பார்த்தாள். யாருடைய இயல்பு? சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்பவர்களுடையது. அவர்கள் உடம்பு மிச்சப் போர்ஃபிரினைச் சிறுநீரோடு கழித்துவிடும். இவருக்கு அந்த வழியே அடைபட்டுப் போயிற்று, டயாலிசிஸ் இயந்திரமும் அதைச் சரியாக இழுப்பதில்லை. ஏறாமல் என்ன செய்யும்? இவரை இவரைப் போன்றவர்களோடு அல்லவா வைத்துப் பார்க்க வேண்டும்?

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அங்கே போனதும் தாளைப் பார்த்தே படித்தாள், நிமிரவில்லை.

படித்து முடித்தபின் டாக்டரம்மா கேட்டார்: "இதுக்கா தாள்ல எழுதிட்டு வந்த? நல்ல கேள்வி. எத்தனை பேருக்குப் பாக்கணும்?"

"அவர் வரிசைல டயாலிசிஸ் பண்ணிக்கிற மத்த எட்டுப் பேருக்கும், டாக்டர்."

"அவங்ககிட்ட நீயே கேட்டுட்டு எடு."

இதுதான் கஷ்டம் என்று நினைத்தாள். கஷ்டமே இருக்கவில்லை. நடுவருக்காக என்றதும் எட்டுக் கையும் நீண்டன. மாதாந்திர ரத்தம் எடுக்கும்போதே ஒரு குழாய் கூடுதலாக எடுத்தாள். இருட்டறையில் ஒவ்வொன்றாக அளந்தாள். விளக்கின் ஊதா ஒளியில் ஒவ்வொரு ரத்த மாதிரியும் மங்கலாகச் சிவந்து ஒளிர்ந்தது, எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி.

வெள்ளிக்கிழமை முடிவுகளோடு டாக்டரம்மாவும் அவளோடு வந்தார். எல்லாருக்கும் இயல்பைப் போல இரண்டரை மடங்குக்கும் நாலு மடங்குக்கும் இடையில். தையல்காரம்மாவுக்குத்தான் அதிகம், நாலு மடங்கு. தோலில் ஒரு புள்ளிகூட இல்லை.

"நானா முதல்? பள்ளிக்கூடத்துல ஒரு தடவைகூட வந்ததில்லையே!" என்றார் தையல்காரம்மா. "கை தட்டுங்கய்யா!"

ஊசி குத்தாத கையால் ஆளாளுக்குப் படுக்கையைத் தட்டினார்கள்.

"வெயில்ல தோல் பொங்குற அந்த நோயா இருந்தா இதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும்," என்றார் டாக்டரம்மா. "நடுவரே, உங்க அளவு இந்த அறைக்குச் சாதாரணம். அப்போ கொப்புளம் எங்கேருந்து வந்துச்சு? கை எதையாவது தொட்டுச்சா?"

"ஒண்ணும் இல்லையே. ஆட்டத்துக்கு முன்னாடி மைதானத்துல கோடு போடுவேன், அவ்வளவுதான்."

"எதால?"

"சுண்ணாம்பைக் கரைச்சு, கையாலயே ஊத்துவேன். கருவி வச்சா கோணிக்குது."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "கையைச் சுட்டது அந்தச் சுண்ணாம்புதான். இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க வெயிலைப் பத்திதானே கேட்டீங்க."

அறையே சிரித்தது. அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள். சோதனைக்கூடத்துப் பெண்ணும் சிரித்தாள். கையில் முடிவுத்தாள் குலுங்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"கோட்டை வேற யாராவது போடட்டும். புண் ஆறும் வரைக்கும் கையை மூடி வைங்க. ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா.

நடுவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு சோதனைக்கூடத்துப் பெண்ணைப் பார்த்து, "நீயும் வரணும். ஒரு தரம் கேப்பேன், வரலன்னா சிவப்பு அட்டை," என்றார்.

போனாள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. மைதானத்தின் ஓரத்தில் தையல்காரம்மா குடை பிடித்தபடி, "கண்ணு தெரியுதா நடுவரே?" என்று கத்திக்கொண்டிருந்தார். நடுவர் வலது கையில் வெள்ளைத் துணி சுற்றி, வேர்த்து வழிய, யாருக்கும் அடங்காமல் ஓடிக்கொண்டிருந்தார். அப்போது பந்து வெளியே உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது.

ஆட்டம் நின்றது. இருபத்திரண்டு பெண்களும் நடுவரும் அவளைப் பார்த்தார்கள்.

"உதைம்மா!" என்றார் அவர்.

செருப்பைக் கழற்றிவிட்டு உதைத்தாள். பந்து யாரும் நினைக்காத பக்கமாக, உயர உயர எழும்பி, நேராகச் சூரியனுக்குள் போனது. எல்லாரும் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்கள்.